வால்நட் பலகையில் வெள்ளைச் சிலுவை

ஜெயதாஸ் வந்த வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்ததுமே செல்லபாய் பட்டறை வாசலுக்கு எழுந்து வந்தாள். நான்கு பலகைகள். புதிதாக அறுத்த பிலாவு, பலா மரம். தை மாத வெயிலில் பழுத்த சுளை போல மின்னின.

"எலே ஷைஜு, ஆளை விட்டு எறக்கு. சிலுவைக்கு மரம் வந்தாச்சு," என்றார் ஜெயதாஸ்.

பாறசாலையிலிருந்து செங்கல் ஊருக்குப் போகும் வழியில் இருக்கிறது ஷைஜுவின் மரப்பட்டறை. உள்ளே, சபைக்கான பிரசங்க பீடத்தின் முகப்புப் பலகை மேசைமேல் படுத்திருந்தது. நாலடி உயரம், இரண்டரை அடி அகலம், முழுக்க அமெரிக்க வால்நட். வெளிநாட்டில் இருக்கும் ஒரு சபைக் குடும்பம் ஏற்பாடு செய்து தந்த மரம். அதன் நடுவே சிலுவை வடிவத்தில் ஆறு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்திருந்தான் ஆசாரி வேலை பார்க்கும் அகிலேஷ். அந்தப் பள்ளத்தில் வெளிர்நிற மரம் ஒன்று பதிய வேண்டும். எந்த மரம் என்பது மட்டும் பாக்கி. பிரதிஷ்டை ஆராதனைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

ஜெயதாஸ் சபைச் செயலாளர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் கொண்டு வந்தது ஆலய வளாகத்தில் நின்ற பிலாவு. சாலையை அகலப்படுத்தியபோது வெட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த மரத்தின் சக்கைப்பழத்தைத் தின்னாத வீடு சபையில் கிடையாது. வெட்டிய அன்று பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார்கள். சிலுவை அந்த மரத்தில்தான் என்று கமிட்டி கூடி ஒரே பேச்சில் முடித்துவிட்டது.

செல்லபாய் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்தாள். பாலிஷ் போட்டால் வரப்போகிற நிறம் அந்த ஈரத்தில் தெரியும்.

"அண்ணே, இது சிலுவைக்கு ஆவாது."

"ஆவாதா? பிலாவா? கோயிலுக்கும் ராசா கொட்டாரத்துக்கும் ஆன மரம் ஒனக்கு ஆவல்லியோ?"

"மரத்துக்கு ஒரு குத்தமும் இல்ல. வால்நட்டுக்குப் பக்கத்துல ஆவாது. இப்பம் பளிச்சுண்ணு இருக்கும். வருசம் போவப் போவ பிலாவு கறுக்கும், வால்நட்டு வெளுக்கும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதுக்க நடந்து வரும். அஞ்சாறு வருசத்துல சிலுவை எங்கண்ணு தேடிப் பாக்கணும்."

ஜெயதாஸ் ஷைஜுவைப் பார்த்துச் சிரித்தார். "அண்டியாபீஸ்ல பருப்பு பொறுக்கினவளாக்கும். இப்பம் மரத்துக்கு ஜோசியம் பாக்கா."

பருப்பு பொறுக்கியது உண்மைதான். இருபத்துமூன்று வருடம். முந்திரி ஆலையில் ஜன்னலோரத்து நீள மேசை. சுத்த வெள்ளை ஒரு கூடை, லேசாகச் சூடு பட்டது ஒரு கூடை, பால்மஞ்சள் ஒரு கூடை, புள்ளி விழுந்தது ஒரு கூடை. ஒரு பருப்பு கூடை மாறினால் மேஸ்திரி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். செல்லபாயை அவன் கூப்பிட்டதே இல்லை. ஆலை மூடியபோது மகன் ரதீஷ் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். ஷைஜுவிடம் உப்புத்தாள் தேய்க்கும் வேலைக்கு வந்தாள். வந்த இரண்டாம் மாதம், ஒட்டுவதற்கு வரிசைப்படுத்தி வைத்த தேக்குப் பலகைகளில் ஒன்றைக் காட்டி, "மக்கா, இவன் மத்தவனுகளுக்க கூடப் பொறந்தவன் இல்ல" என்றாள். ஷைஜு நம்பவில்லை. ஒட்டி, பாலிஷ் போட்ட பிறகு நம்பினான். அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் செல்லபாய் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடாத பலகை பசையைக் கண்டதில்லை. அந்த வேலைக்குச் "சேர்த்தி" என்று அவர்களாகவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

சில வருடம் முன்பு பட்டறைக்கு முதன்முதலாக வால்நட் வந்தபோது அவளுக்கும் தடுமாற்றம்தான். தேக்குக்கு அது மாமியார் போல முகம் கொடுக்காமல் நின்றது. ஈட்டி மரத்தோடு வைத்தால் இரண்டு இருட்டும் சேர்ந்து ஒன்றையொன்று விழுங்கின. மகாகனியின் சிவப்பு பக்கத்தில் வந்தால் வால்நட் அழுக்காகத் தெரிந்தது. ரப்பர் மரம் வெளுப்புத்தான், ஆனால் அதில் ஓடும் ஒரு ரோஸ், பவுடர் அப்பிய முகம் போல. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஒருமுறை திருவனந்தபுரத்து வீடு ஒன்றுக்கு வால்நட் மேசையில் ஆஞ்ஞிலி மரத்தில் விளிம்பு வைத்து அனுப்பினார்கள். போகும்போது எல்லாரும் கைதட்டினார்கள். கால் ஆடுகிறது என்று மூன்று வருடம் கழித்து மேசை திரும்பி வந்தது. விளிம்பு எங்கே முடிகிறது, மேசை எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆஞ்ஞிலி பிலாவின் சொந்தக்காரன். அந்த மேசையின் முன்னால் நின்ற நேரத்தை அவள் மறக்கவில்லை.

"பின்ன எந்த மரம் வைக்கணும்ணு மேடம் சொல்லுது?" என்றார் ஜெயதாஸ்.

"வெட்பாலை. யானைக்கொம்பு மாதிரி வெளுப்பு. நெருங்கின நார். வெயில்ல கொஞ்சம் பழுக்கும், அவ்வளவுதான். வால்நட்டைத் தொட வராது."

"பொம்மை செய்யுத மரம்! கர்த்தருக்க சிலுவைக்கு!"

ஷைஜுவுக்கு இரண்டு பக்கமும் பயம். சபை அவனுடைய சபை. பட்டறை நிற்பது செல்லபாயின் கண்ணில். "ஒரு காரியம் செய்வோம் சார்," என்றான். "மூணு மரத்துலயும் ஒரு துண்டு எடுத்து, பாதிக்குக் கறுப்பு டேப்பு ஒட்டி, பத்து நாள் மேல ஷீட்டுல வெயில்ல போடுவோம். அப்புறம் டேப்பை உரிச்சுப் பாத்தா தீந்துது."

ஜெயதாஸ் விரலை நீட்டினார். "செரி. இவ சொன்னது தப்பா இருந்தா, இனி இந்தப் பட்டறையில சபைக் காரியத்துல இவ வாயைத் திறக்கப்பிடாது. கேட்டியா?"

"கேட்டேன்," என்றாள் செல்லபாய்.

அவளைக் கலக்கியது பிலாவு அல்ல. ஒரு வருடமாகவே பஸ் விளக்குகள் பூவாக விரிந்து தெரிந்தன. ஓணத்துக்கு முன்னால் நெய்யாற்றின்கரையில் நடந்த ஒரு கண் முகாமில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் திமிரம், இடது கண் முற்றிவிட்டது, வைத்துக்கொண்டிராதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கண்புரைக்கு அங்கே திமிரம் என்றுதான் பெயர். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிடும் ரதீஷிடமும் சொல்லவில்லை. ஷைஜுவின் காதில் விழுந்தால் மறுநாளே உப்புத்தாள் கையில் வந்துவிடும் என்ற பயம். வெளுப்பும் கறுப்பும் இன்னும் பிரிந்துதானே தெரிகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

துண்டுகள் கூரைக்குப் போயின. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, இரண்டு பெண்கள் வழியை மறித்தார்கள்.

"செல்லபாயி, நம்ம பிலாவை வேண்டாம்ணு சொன்னது நீயாக்குமா?"

"சிலுவை நிக்கணும்ணு சொன்னேன்."

"ஒனக்கக் கல்யாணத்துக்கு அந்த மரத்துக்குக் கீழதானே பந்தி போட்டோம்? ஓர்மை இருக்கா?"

இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஆறாம் நாள் பொறுக்கமுடியாமல் ஏணியில் ஏறினாள். டேப்பைத் தொடக்கூடாது என்பது பேச்சு. தொடவில்லை. வெயில் பட்ட பாதியை மட்டும் குனிந்து பார்த்தாள். பிலாவு மஞ்சளாகவே இருந்தது. இன்னும் குனிந்தாள். மஞ்சள்தான். பக்கத்தில் வெட்பாலை, அதுவும் ஒரு மஞ்சள். தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், சேலையில் இருந்த வெள்ளைக் கரையைப் பார்த்தாள். எல்லாவற்றின் மேலும் ஒரே எண்ணெய்த்தாள் போர்த்தியிருந்தது. நான்கு படி இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

மரம் தப்பா, கண் தப்பா? அதற்குப் பிறகான நான்கு நாளும் அவளிடம் இருந்தது இந்த ஒரு கேள்விதான். சோறு இறங்கவில்லை. பட்டறையில் யாராவது சிரித்தால் தன்னைப் பற்றித்தானோ என்று திரும்பினாள்.

பத்தாம் நாள் காலையில் ஜெயதாஸ் இரண்டு கமிட்டிக்காரர்களோடு வந்தார். ஷைஜு துண்டுகளை இறக்கி வாசலில், நல்ல வெளிச்சத்தில், ஒரு ஸ்டூலின் மேல் வரிசையாக வைத்தான். அகிலேஷ் டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி உரித்தான்.

செல்லபாய் மரத்தைப் பார்க்கவில்லை. ஜெயதாஸின் முகத்தைப் பார்த்தாள். அவருடைய புருவம் மெல்ல மேலே ஏறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் அவள் குனிந்தாள். இரண்டு பாதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது அவளுக்கும் தெரிந்தது. பிலாவுத் துண்டில் பாதி சுளை, பாதி பால் விடாத கட்டஞ்சாயா. வால்நட் வெயில் பட்ட பக்கத்தில் ஒரு நூல் வெளுத்திருந்தது. வெட்பாலை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று.

"பத்து நாளுக்கே இப்படியா?" என்றார் ஒரு கமிட்டிக்காரர்.

"செல்லபாயி," என்றார் ஜெயதாஸ். "நீ செயிச்சாச்சு."

"செயிக்கவா வந்தேன் அண்ணே? பிலாவைக் களைய வேண்டாம். பைபிள் வைக்குத தட்டு, உள்ளுக்க நிக்குத படி, எல்லாம் அதுல செய்யலாம். பீடத்துக்கு உள்ள வெயில் வராது. கறுத்தாலும் அங்க யாருக்கும் நட்டமில்ல."

அதைக் கேட்டதும் ஜெயதாஸின் முகம் தெளிந்துவிட்டது. பிரசங்கம் செய்கிறவரின் கால் நம் பிலாவின் மேல் நிற்கும் என்று அவரே சபையில் சொல்லப்போவதாகச் சொன்னார். மூவரும் சாயா குடிக்க எதிர்க்கடைக்குப் போனார்கள். ஷைஜு பசையைக் கலக்கத் தொடங்கினான். பசை விட்டால் அரைமணி நேரத்தில் இறுகிவிடும். அதற்குப் பிறகு சிலுவையை எடுக்க வேண்டுமென்றால் வால்நட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

செல்லபாய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான்கு நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் பசித்தது. சிலுவைக்கான வெட்பாலைச் சட்டங்களை எதற்கும் இருக்கட்டும் என்று அகிலேஷ் முந்தினநாள் மாலையே இழைத்து வைத்திருந்தான். காலையில் வந்ததும் அவள் அவற்றில் வட்டம் போட்டாயிற்று.

அகிலேஷ் நீளச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்தினான்.

"மாமி, இதுல நீலம் ஓடியிருக்கே. நீங்க வட்டம் போட்டிருக்கிய. வேணும்ணுதான் போட்டியளா?"

"நீலமா? எங்க?"

அவன் விரலை வைத்துக் காட்டினான். சட்டத்தின் இடது ஓரமாக, ஒரு சாண் நீளம். செல்லபாய் பார்த்தாள். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். சீரான ஒரு வெளுப்பு. வேறு ஒன்றுமில்லை.

"நனைஞ்ச தாள்ல மை இறங்கினது போல இருக்கு மாமி," என்றான் அகிலேஷ். கேலி செய்கிற குரல் இல்லை. அவனுக்கே பயமாக இருந்தது.

வெட்பாலையை வெட்டியவுடன் அறுத்துக் காயப்போடாவிட்டால் உள்ளே பூஞ்சை ஏறி நீலம் பிடிக்கும். அது அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. மேலே தெரியாது, இழைக்கும்போது வெளியே வரும். பாலிஷ் பட்டால் மறையாது, இன்னும் தூக்கிக் காட்டும்.

போனை எடுத்துச் சட்டத்தைப் படம் பிடித்து ரதீஷுக்கு அனுப்பினாள். அவன் அளவுக்கருவிகளைச் சோதித்துச் சரிபார்க்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஒரு நிமிடத்தில் கூப்பிட்டான்.

"என்னம்மா இது?"

"இதுல என்ன தெரியுதுண்ணு சொல்லு."

"வெள்ளைக் கட்டை. இடது பக்கம் நீலமா ஒரு வரி. ஏன், உனக்குத் தெரியல்லியா?"

செல்லபாய் சட்டத்தை மடியில் வைத்தாள்.

"அம்மா, எத்தனை நாளா?"

"ஒரு வருசம் இருக்கும். முகாம்ல திமிரம்ணு சொன்னாவ."

அவன் மூச்சு விடுவது கேட்டது. "கண்புரை முதல்ல நீல வெளிச்சத்தைத்தான் தடுக்கும்மா. கறுப்பு வெளுப்பு உனக்குத் தெரியும். நீலம் தெரியாது. நீ எவ்வளவு கூர்ந்து பாத்தாலும் தெரியாது. இது உன் தப்பில்ல, கேட்டியா?"

"வை மக்கா. பசை கலக்கியாச்சு."

பட்டறைக்குள் ஷைஜு பசையைக் கிண்டும் சத்தம். எதிர்க்கடையில் ஜெயதாஸ் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அகிலேஷ் வாயைத் திறக்க மாட்டான், அது அவளுக்குத் தெரியும். கடைசி நேரத்தில் நாரில் ஒரு வெடிப்பு என்று சொல்லிச் சட்டத்தை மாற்றிவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு அவள் சொன்னால் கல்லும் மரம்தான். ஆனால் மாற்றி வைக்கும் சட்டத்தையும் அவள்தான் பார்க்க வேண்டும். அதில் நீலம் இல்லை என்று யார் சொல்வது? இந்த ஒரு வருடத்தில் வட்டம் போட்டு அனுப்பியவற்றில் எத்தனை?

எழுந்தாள். "ஷைஜு, பசையை நிறுத்து," என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தாள். பின்னாலேயே ஷைஜு ஓடிவந்தான்.

சாயாக்கடை பெஞ்சின் முன்னால் நின்று சட்டத்தை ஜெயதாஸிடம் நீட்டினாள்.

"அண்ணே, இதுல நீலம் உண்டா?"

அவர் வாங்கிப் பார்த்தார். "உண்டே. இந்நா, இந்த ஓரத்துல."

"எனக்குத் தெரியல்ல. நான் இதுக்கு வட்டம் போட்டேன். எனக்கு ரெண்டு கண்ணுலயும் திமிரம். ஒரு வருசமா மறைச்சு வச்சேன்."

சாயா ஆற்றுகிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டான். ஷைஜுவின் முகம் வெளுத்தது. "அக்கா," என்றான், "ஒரு வருசமாட்டா?" அந்த ஒரு வருடத்தில் போன கட்டில்களும் அலமாரிகளும் அவன் கண்ணுக்குள் வரிசையாகப் போவதை அவள் பார்த்தாள்.

கமிட்டிக்காரர் ஒருவர் தம்ளரைப் பெஞ்சில் டப் என்று வைத்தார். "அப்பம் கண்ணு தெரியாதவ பேச்சைக் கேட்டா நாம பிலாவை வேண்டாம்ணு வச்சோம்?"

"பிலாவை நான் சொல்லல்ல. வெயில் சொல்லிச்சு. நீங்களும் பாத்தியதானே."

ஜெயதாஸ் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவர். தானாக வந்து தப்பைக் காட்டிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணினாரோ என்னவோ. கடைசியில் கேட்டார்: "பின்ன இனி யாரு பாத்து வைப்பா?"

"நீங்க நாலு பேரும் அகிலேஷும் பாக்கணும். வாசல்ல, வெளிச்சத்துல. நீலம் இல்லண்ணு அஞ்சு பேரும் ஒண்ணுபோல சொல்லணும். அதுக்கு அப்புறம் வெளுப்பு பத்துமா பத்தாதாண்ணு நான் பாக்கேன். அது எனக்குத் தெரியும்."

"ஒருத்தன் உண்டுண்ணு சொன்னா?"

"களையணும்."

அப்படியே செய்தார்கள். அகிலேஷ் மிச்சமிருந்த வெட்பாலை முழுவதையும் இழைத்தான். ஒன்பது சட்டம் வந்தது. வேட்டியை மடித்துக்கட்டிய நான்கு பேரும் அவனும் வெயிலில் குனிந்து, ஒவ்வொன்றாகக் கை மாற்றிப் பார்த்தார்கள். செல்லபாய் கொஞ்சம் தள்ளி, பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். தன் வேலையை வேறு ஐந்து பேர் செய்வதைப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. முதலாவது, நீலம். இரண்டாவது, மூன்றாவது, நீலம். நான்காவது சுத்தம், ஆனால் குட்டை, குறுக்குச் சட்டத்துக்குத்தான் போதும். ஐந்து, ஆறு, ஏழு போயின. எட்டாவதில் நான்கு பேர் இல்லை என்றார்கள், ஷைஜு உண்டு என்றான்.

"எலே, அது நெழலு," என்றார் ஜெயதாஸ்.

"நெழலு இல்ல சார். நான் வைக்க மாட்டேன்."

களைந்தார்கள். ஒன்பதாவது கையில் இருந்தது. அதுவும் போனால் காட்டாக்கடைக்கு ஆள் அனுப்பி மரம் தேட வேண்டும். தேடி, அறுத்து, காய்ந்து வருவதற்குள் பிரதிஷ்டை முடிந்துவிடும். பிலாவு தயாராகச் சுவரில் சாய்ந்து நின்றது. யாரும் அதைப் பார்க்காதது போல இருந்தார்கள்.

அகிலேஷ் ஒன்பதாவது சட்டத்தைத் துடைத்தான். இல்லை என்றான். கமிட்டிக்காரர்கள் இருவரும் இல்லை என்றார்கள். ஷைஜு நுனியிலிருந்து நுனிவரை விரலை ஓட்டிப் பார்த்து, தலையை ஆட்டினான். ஜெயதாஸ் மட்டும் சட்டத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். செல்லபாய் எழுந்து நின்றாள். அவருடைய வாயையே பார்த்தாள்.

"இல்ல," என்றார்.

அவள் வந்து அதை வாங்கினாள். வால்நட் பள்ளத்தில் வைத்து, இரண்டடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "பத்தும்," என்றாள். "பசையைப் புதுசா கலக்கு மக்கா. அது எறுகிப் போயிருக்கும்."

மறுவாரமே ரதீஷ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். கட்டு அவிழ்த்த பிறகு அவள் பட்டறைக்கு வந்து ஒரு வருடத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஷைஜுவின் வண்டியில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். இரண்டு அலமாரிகளில் நீலம் இருந்தது. கதவை மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஆறு வருடம் அவள் அங்கே சேர்த்தி பார்த்தாள். வெளிர்மரம் வந்தால் மட்டும் அகிலேஷையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வாள்.

இந்தக் கர்க்கடகத்தில், ஆடி மழை நேரம், செல்லபாய் இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல். அடக்க ஆராதனையை அந்தப் பீடத்தில் நின்றுதான் நடத்தினார்கள். மழை இருட்டு, கரண்டும் இல்லை. பின்னால் நின்றவர்களுக்குப் போதகரின் முகம் சரியாகத் தெரியவில்லை. சிலுவை தெரிந்தது.